மிச்சக் கோன்களில் இருந்து ஒரு போர்வை

சென்னிமலைப் பக்கம் பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) ஓட்டி முடித்ததும், நூல் சுற்றி வரும் கூம்பு வடிவக் கோன்களின் அடியில் கொஞ்சம் நூல் நின்றுவிடும். அடுத்த பாவுக்கு அது பற்றாது, அதற்குள் நிறமும் மாறியிருக்கும். மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். கரூரிலும் இதே கதைதான். ஈரோட்டில் இருக்கும் எனக்கு இரண்டு ஊருமே பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதால், அந்த மூட்டைகளுக்குள் கைவிட்டுத் துழாவும் பழக்கம் எப்போதோ தொற்றிக்கொண்டது. மயில் கழுத்து நீலம் ஒன்று, செங்கல் நிறம் ஒன்று, யாருடைய ஏற்றுமதி ஆர்டருக்கோ சாயம் போட்டு மிஞ்சிய, பெயர் சொல்ல முடியாத ஒரு பச்சை. எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. கையில் எடுத்துவிட்டால் திரும்ப மூட்டைக்குள் போட மனம் வராது, அவ்வளவுதான்.

எங்கள் அத்தை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கடை கிடை வைக்கப் போறயா?" என்றார். அவர் மட்டும் என்னவாம்? ஒரு காலத்தில் டிவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, வாசலுக்கு உல்லன் தோரணம், போதாக்குறைக்கு ஒயர் கூடை என்று வீட்டில் ஒரு சாமானையும் சும்மா விட்டதில்லை.

நூல் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, நூலில் பின்னுவது வேறொரு பொழுதுபோக்கு என்று குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறவர்கள் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. சேர்த்த நூல் என்ன நூல், எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் வேலை. அதைச் செய்யாத வரைக்கும் அலமாரியில் இருப்பது வெறும் நிறம். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றித்தான். போர்வை பின்னியது அதற்கு அப்புறம் வந்த சுலபமான பகுதி.

நம்பர் கணக்கு

கடையில் வாங்கும் உருண்டையில் லேபிள் இருக்கும். 100 கிராம், இத்தனை மீட்டர், இந்த ஊசி போடு என்று எல்லாம் எழுதியிருக்கும். மிச்சக் கோனில் அதெல்லாம் கிடையாது. அட்டைக் குழலின் உள்பக்கம் மில் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தால் 2/10, 2/20, 40 என்று ஏதாவது ஒரு நம்பர் தெரியும். தறிக்காரர்களுக்கு அது போதும். பின்னுகிறவர்களுக்கு அதை மீட்டராக மாற்றத் தெரிய வேண்டும்.

840 கெஜம் நீளம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். 10-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 8,400 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். குறுக்கு வழி ஒன்று உண்டு: நம்பரை 1.7-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று ஏறக்குறைய வந்துவிடும். 10-ஆம் நம்பர் நூல் கிராமுக்கு 17 மீட்டர். 2/10 என்பது 10-ஆம் நம்பர் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஆகவே அதில் பாதி, 8.5 மீட்டர்.

இனி நமக்கு வேண்டிய தடிமன். போர்வைக்கும் குழந்தை உடுப்புக்கும் வசதியானது டி.கே. என்று கடைகளில் விற்கும் நடுத்தர நூல். அது 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை ஓடும். 2/10 நூலில் நான்கு இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்கு 210 மீட்டர் சொச்சம். கச்சிதம்! 2/20 என்றால் எட்டு இழை வேண்டும், அது கொஞ்சம் சிரமம். திருப்பூரில் பனியனுக்கு ஓடும் 30-ஆம் நம்பர் ஒற்றை நூல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், தொட்டால் ஆசை வரும், ஆனால் இந்தத் தடிமனுக்கு 24 இழை சேர்க்க வேண்டும். ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் நெய்யும் ஊர்களில் தடித்த நூல் ஓடுகிறது என்பதால்தான் என் பஸ் சென்னிமலைக்கும் கரூருக்கும் போகிறது.

காகிதம் கிழிந்துபோன கோன்களுக்கு ஒரு வழி: 10 மீட்டர் அளந்து வெட்டி, நகை நிறுக்கும் சிறிய மின்தராசில் வைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, ஒரு கிராமுக்குக் கீழே அது காட்டாது. 10 மீட்டர் 1.18 கிராம் காட்டினால் 2/10 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 10 மீட்டரை வீணாக்க வேண்டாம், மாதிரிச் சதுரம் பின்ன ஆகும். தராசும் இல்லையென்றால், சேர்த்த இழையை ஒரு பென்சிலில் இடைவெளி விடாமல், இழுக்காமல் சுற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணலாம். 11-லிருந்து 14-க்குள் வந்தால் அது டி.கே. பக்கம்தான்.

நம்பர் ஒன்றாக இருந்தாலும் எல்லா நூலும் ஒன்றில்லை. பாவுக்கு ஓடும் நூலில் முறுக்கு அதிகம், சில சமயம் கஞ்சியும் ஏறியிருக்கும். விரலில் ஓட்டினால் மீன்பிடி நரம்பு போல விறைப்பாகத் தெரியும். ஓ.இ. (ஓப்பன் எண்ட் முறையில் நூற்ற) நூல் மலிவு, தடிமனும் நமக்கு ஏற்றது, ஆனால் சொரசொரப்பு. உடம்பில் படும் போர்வைக்கு நான் அதைத் தொடுவதில்லை, கால்மிதிக்கு வைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு கோனிலிருந்தும் விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நம்பர், எடை, எங்கே வாங்கியது என்று எழுதி வைத்திருக்கிறேன். கணக்குப் பிள்ளை வேலை மாதிரி தோன்றும். மழை நாளில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சுகம் வேறு எதிலும் எனக்கு வாய்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தையின் தகர டப்பா

கடை வைக்கப் போகிறாயா என்று கேட்ட அதே அத்தை, அடுத்த முறை வரும்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய உருண்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். லேபிள் எதிலும் இல்லை. எது கம்பளி, எது அக்ரிலிக், எது பருத்தி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் பக்கம் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான்.

கொளுத்திப் பார்ப்பதுதான் வழி. சிறு துண்டு நூலைச் சாமணத்தில் பிடித்து, எவர்சில்வர் பாத்திரத்துக்கோ தண்ணீர்க் கிண்ணத்துக்கோ மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. பருத்தி காகிதம் போல எரியும், காகித வாசனை வரும், ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சும். கம்பளி சுருண்டு சுருண்டு எரிந்து, தீயை விலக்கினால் தானாக அணையும். முடி கருகும் வாடை வரும். மிஞ்சும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் சடசடவென்று உருகி எரியும், சொட்டும், ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். பாதிப் பாதி கலந்த நூலில் இரண்டு குணமும் தெரியும்.

டப்பாவில் பெரும்பாலானவை அக்ரிலிக். அவற்றைப் போர்வைக்குச் சேர்க்கவில்லை. அக்ரிலிக் மட்டம் என்பதற்காக இல்லை. நிறம் போகாது, பூச்சி அரிக்காது, தோரணத்துக்கும் பொம்மைக்கும் அதைவிட நல்ல நூல் எது? ஆனால் பருத்தி துவைத்தால் சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. ஒரே போர்வையில் இரண்டும் இருந்தால் துவைத்த பிறகு ஆங்காங்கே உப்பிக்கொண்டு நிற்கும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பருத்திக்கு ஒன்றும் செய்யாது, அக்ரிலிக் துவண்டு பளபளத்துப் போய்விடும், பழைய நிலைக்குத் திரும்பாது. அதோடு ஈரோட்டு வெயிலில் அக்ரிலிக் போர்த்திக்கொண்டு தூங்குவதற்குத் தனி மனத்திடம் வேண்டும்.

டப்பாவின் அடியில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருந்தது, முழங்கையில் ஓட்டை. மாமா ஊட்டியில் வேலை பார்த்த காலத்தது. அதைப் பிரித்து நூலாக்கியது தனியாகச் சொல்ல வேண்டிய சங்கதி என்றாலும் சுருக்கமாக: பிரிப்பதற்கு முன் பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்திருந்தால் துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் வரும், விட்டுவிடலாம். ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலித் தையலில் இணைத்திருந்தால் அதிர்ஷ்டம். தையலைப் பிரித்து, பாகங்களைத் தனியாக எடுத்து, பின்னல் முடிந்த மேல்முனையிலிருந்து உருவ ஆரம்பித்தால் நூல் சரசரவென்று வரும். சேமியா மாதிரி நெளிந்திருக்கும் அதை நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். கொதிநீரும் கசக்கலும் கம்பளிக்கு ஆகாது. இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு ஃபெல்ட் துணி போலக் கெட்டியாகிவிடும்.

கம்பளி என்றால் வடக்கே லூதியானாவைத்தான் நினைக்கிறோம். நீலகிரி ஆடு என்று மெல்லிய ரோமத்துக்குப் பெயர் போன இனம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டை மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவானது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அந்த ரோமத்தில் நூற்ற உருண்டை ஒன்றை என் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை, இன்னும் கைகூடவில்லை. மாமாவின் ஸ்வெட்டர் நூல் இப்போதைக்குக் குல்லாவாகி, குன்னூரில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன் மகனிடம் போய்விட்டது.

வேகவைத்தல்

கோன்களில் பாதிக்கு மேல் சாயம் ஏற்றாத கோரா நூல். பழுப்பு கலந்த அந்த வெள்ளை நிறம் அழகாக இருக்கும். ஆனால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் மணி போல நிற்கும். பஞ்சில் இயற்கையாக இருக்கும் மெழுகு இன்னும் போகவில்லை. அப்படியே பின்னினால் விறைப்பாகவும் இருக்கும், பிறகு துவைக்கும்போது சதுரங்கள் கண்டபடி சுருங்கும்.

அதனால் முதலில் சிட்டம். நாற்காலிகள் இரண்டை முதுகு முதுகாக வைத்து, ஒரு சுற்று சரியாக 1.5 மீட்டர் வரும்படி தள்ளி நிறுத்தினேன். சுற்றை எண்ணிக்கொண்டே சுற்றினால் நீளமும் கையோடு தெரிந்துவிடும். நான்கு இடங்களில் எட்டு வடிவில் கட்டுப் போட வேண்டும், அதுவும் தளர்வாக. இறுக்கினால் கட்டுக்கு அடியில் இருக்கும் நூல் வேகாது. அப்புறம் எவர்சில்வர் அண்டாவில் நூல் நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், 100 கிராம் நூலுக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் சோப்புத்தூள். அடுப்பைக் குறைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க விட்டேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே வெள்ளையாகத் தெரிந்த நூலுக்குள் இவ்வளவு அழுக்கா என்று முதல்முறை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அழுக்கில்லை, பஞ்சின் மெழுகும் பசையும்தான் அது. அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடாது, சலவை சோடா அதை அரித்துக் கறுக்கவைக்கும்.

இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு அதே நூலைத் தொட்டுப் பாருங்கள். இப்போது சொட்டு விட்டால் பட்டென்று உறிஞ்சும். எனக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்த நொடி இதுதான்.

சாயம் போட்ட நூலை வேகவைக்கக் கூடாது. அதற்கு வேறு சோதனை: ஈரமான வெள்ளைக் கைக்குட்டையில் நூலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது. மயில் கழுத்தும் பச்சையும் தேறின. செங்கல் நிறம் கைக்குட்டையில் கறை வைத்தது. உப்பு போடு, வினிகர் போடு, சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேறிய பருத்தி நூலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒட்டாத சாயம் வெளியே வந்தே தீரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசி, தண்ணீர் தெளியும் வரைக்கும் வெளியேற்றிவிடுவதுதான் வழி. தெளியவே தெளியாத நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், தனியாகப் பை பின்னிக்கொள்ளலாம். செங்கல் ஒருவழியாகத் தெளிந்தது, நிறம் ஒரு படி இறங்கி இன்னும் அழகாகிவிட்டது.

பின்னல்

நான்கு இழையை எப்படிச் சேர்ப்பது? நூலை எடைபார்த்து நான்கு சிறு உருண்டையாகப் பிரித்து, நான்கையும் ஒரு தூக்குவாளிக்குள் போட்டு, மூடியில்லாமல் வாய்ப்பக்கம் ஒரு வளையம் வழியாக ஒன்றாக இழுத்து ஒரே உருண்டையாகச் சுற்றினேன். நேராகக் கோனிலிருந்து எடுப்பதானால் கோன் நிமிர்ந்து நிற்க வேண்டும், நூல் அதன் உச்சிக்கு நேர் மேலே போய் ஒரு கொக்கியில் புகுந்து வர வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கோன் விழுந்து உருளும், நூல் அடியில் போய்ச் சிக்கும். சேர்த்த இழைகளை முறுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊசி மட்டும் கூர்முனையாக இருக்கக் கூடாது, இழையைப் பிளந்துகொண்டு போகும். தலை உருண்டையான 4 மி.மீ. குரோஷே ஊசி, ரப்பர் பிடி போட்டது, எனக்குச் சரியாக இருந்தது.

மாதிரி ஒன்றும் புதிது கிடையாது, நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் கிரானி ஸ்கொயர் சதுரம்தான். மிச்ச நூலுக்கென்றே பிறந்த மாதிரி அது. கைப்பிடி அளவு நூல் இருந்தாலும் ஒரு சுற்று போட்டுவிடலாம். கீழே நான் டபுள் என்று சொல்வது அமெரிக்கக் கணக்கில் டபுள் குரோஷே. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே தையலுக்கு டிரெபிள் என்று பெயர், ஆகவே மாதிரியை எடுத்ததும் எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துவிடுங்கள்.

மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு, 3 செயின் (சங்கிலித் தையல்) ஏற்றி, அதை ஒரு டபுளாக எண்ணி, இன்னும் 2 டபுள். பிறகு 2 செயின், 3 டபுள், 2 செயின், 3 டபுள், 2 செயின், 3 டபுள், 2 செயின், சுற்றை மூட ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் (இணைப்புத் தையல்). நான்கு கொத்து, நான்கு மூலை. அடுத்த சுற்றிலிருந்து மூலை இடைவெளி ஒவ்வொன்றிலும் 3 டபுள், 2 செயின், 3 டபுள். மூலைக்கும் மூலைக்கும் நடுவே உள்ள இடைவெளிகளில் ஆளுக்கு 3 டபுள், கொத்துகளுக்கு நடுவில் 1 செயின். மொத்தம் நான்கு சுற்று, பக்கத்துக்கு 10 செ.மீ. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் சதுரம் லேசாக முறுக்கிக்கொண்டு சாய்சதுரம் போல நிற்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கமாகப் போனால் நேராக வரும். பல மாதிரிகளில் இதைச் சொல்வதே இல்லை.

நிறம் மாறும் இடத்தில் நூல் முனை மிஞ்சுமே, அதை ஒளிப்பதுதான் பருத்தியில் தலைவலி. கம்பளி தன் ரோமத்தால் பற்றிக்கொள்ளும். பருத்தி வழுக்கும், துவைக்கத் துவைக்க முனை வெளியே எட்டிப் பார்க்கும். நான்கு இழை நூலின் வசதி இங்கேதான். முனையை இரண்டிரண்டு இழையாகப் பிரித்து, ஒரு பாதியை வலப்பக்கமும் மறு பாதியை இடப்பக்கமும் ஊசியில் கோத்து உள்ளே ஓட்டி, இரண்டையும் பின்பக்கம் ஒரு சின்ன முடிச்சில் சேர்த்துவிட்டேன். நகராது.

எவ்வளவு நூல் பிடிக்கும் என்ற கேள்விக்கு ஊகம் தேவையில்லை. ஒரு சதுரத்தைப் பின்னித் தராசில் வைத்தால் போதும். 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 10-க்கு 15 என்று 150 சதுரம், 600 கிராம். இணைக்கவும் ஓரம் கட்டவும் அதில் கால்வாசி சேர்த்துக்கொண்டால் 750. கடைசிச் சுற்றும் இணைப்பும் ஓரமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, வேகவைத்த கோராவில் 450 கிராமைத் தொடாமல் ஒதுக்கிவிட்டேன். உள்ளே எத்தனை நிறம் வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளட்டும், சுற்றி ஒரே நிறம் இருந்தால் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். ஒற்றை உருண்டையாக, ஆசைக்கு வாங்கி வைத்த நூலுக்கெல்லாம் இப்படித்தான் கதி கிடைத்தது.

நிறங்களை அடுக்கும்போது ஒரு உபாயம். சதுரங்களைத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வண்ணத்தில் வேறுவேறாகத் தெரியும் நீலமும் செங்கலும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக நிற்கும். அடர்த்தியானவை ஒரு மூலையில் குவிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். வண்ணத்தை மட்டும் நம்பி அடுக்கினால் மாலை வெளிச்சத்தில் ஒரு பக்கம் இருட்டு விழுந்த மாதிரி தெரியும்.

இணைப்பும் ஓரமும்

சதுரங்களை மூன்று சுற்றோடு நிறுத்தி வைத்துக்கொண்டு, நான்காவது சுற்றைப் போடும்போதே பக்கத்துச் சதுரத்தோடு சேர்த்துக்கொண்டு போகும் முறையைத்தான் எடுத்தேன். கொத்துகளுக்கு நடுவில் வரும் 1 செயினுக்குப் பதிலாகப் பக்கத்துச் சதுரத்தின் இடைவெளியில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச். மூலையில் 2 செயினில் ஒன்றை விட்டு, அங்கே எதிர்மூலையில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச். தைக்கிற வேலை மொத்தமும் மிச்சம், பின்பக்கம் தடிப்பும் கிடையாது. ஆனால் அடுக்கு முழுவதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு சதுரம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாற்றுவது கடினம். வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் ஒரு நூலில் கோத்து, நுனியில் எண் எழுதிய காகிதம் கட்டி வைத்தேன்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் ஒரு குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒன்றரைச் சதுர மீட்டரை இணைக்கும்போதே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பல ஊர்க் கைகள் பின்னியதை ஒரே அளவில் சேர்ப்பது என்ன பாடு என்று சதுரம் இணைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. என் கையே காலையில் ஒரு மாதிரி, இரவு ஒரு மாதிரி பின்னுகிறது.

ஓரத்துக்கு இரண்டு சுற்று சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான தையல்), மூலையில் மூன்று. ஊசியை 3.5 மி.மீ.க்கு இறக்கிக்கொண்டேன். ஓரம் தளர்ந்தால் போர்வை ஓரம் பாவாடை விளிம்பு மாதிரி அலையடிக்கும். சிப்பி வடிவ ஓரமெல்லாம் அத்தையின் துறை. அவர் கேட்டார், "ஓரத்துக்கு ஒரு பூவாச்சும் போடக்கூடாதா கண்ணு?" துவைக்கும்போது அந்தப் பூக்கள்தான் முதலில் மடங்கிச் சுருங்கும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் ஒரு பெரிய துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து அதன்மேல் தட்டையாகப் போட்டுக் காயவைத்தேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தியின் கனத்துக்கு நீளவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டேன், மயில் கழுத்துக்கு நேர் வெயில் ஆகாது. அலசும் முன் 102-க்கு 153 செ.மீ., காய்ந்த பின் 99-க்கு 149. வேகவைத்த நூல் என்பதால்தான் சுருக்கம் இதோடு நின்றது. எடை 740 கிராம். கிரானியின் ஓட்டைகள் வழியே காற்றுப் போவதால் மின்விசிறிக்குக் கீழே போர்த்திக்கொள்ள இது போதும். மார்கழிக்குப் போதாது, அதற்குச் சென்னிமலையில் நெய்ததையே வாங்கிக்கொள்ளலாம்.

அலமாரியில் இப்போது ஒரு தட்டு காலி. மீதிக் கோன்களை மூடி போட்ட டப்பாவில் வைத்து நடுவே வசம்புத் துண்டுகள் போட்டிருக்கிறேன். பருத்திக்கு அந்துப்பூச்சித் தொல்லை கிடையாது, ஆனால் கஞ்சி ஏறிய நூலை ராமபாணப் பூச்சி தேடி வரும். திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய பனியன் துணித் துண்டுகள் ஒரு பை இருக்கின்றன. அவற்றைக் குறுக்குவாட்டில் இரண்டு செ.மீ. பட்டையாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு தடித்த கயிறு போல ஆகிவிடும். 10 மி.மீ. ஊசியில் கால்மிதி போட ஏற்றது. ரிப் துணி அவ்வளவாகச் சுருளாது, அதைப் பொறுக்கித் தனியே எடுத்துவிட வேண்டும். போர்வையில் மிஞ்சிய கோராவில் அடுப்புத் துணி பின்ன ஆரம்பித்திருக்கிறேன். நான்கு இழை போதவில்லை, சூடு கையில் தெரிகிறது. எட்டு இழை சேர்த்து, 5 மி.மீ. ஊசியில், சிங்கிள் குரோஷேயை நெருக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.